பாலையைக் காலனிப் பக்கம் திருப்பிய கதை

டேங்க்கில் படம் வரைந்து முடித்த மறுநாள் காலையிலேயே ஆவரங்குளம் மேலத் தெரு ஆம்பிளைகள் ஒருத்தருக்கும் காபி கிடைக்கவில்லை. உள்ளே பாத்திரம் உருள்கிறது, தாளிக்கிற வாசனை வருகிறது, பிள்ளையைக் கொஞ்சுகிற குரல்கூடக் கேட்கிறது, ஆனால் வாசலில் துண்டும் கையுமாக நிற்கிற புருஷனுக்கு ஒருத்தியாவது கதவைத் திறக்க வேண்டுமே, ம்ஹூம், "எங்க போயிருந்தீகளோ அங்கயே போங்க" என்று ஜன்னல் வழியாக ஒரு சொல் வந்து விழுந்தது, அவ்வளவுதான். பால் வாங்க முக்கு வரைக்கும் போய்த் திரும்பிய அப்பாவி மனுசனுக்கும் அதே சொல்தான்.

கீழத் தெருவில் கதை நேர்மாறு. பேரன் பேத்தி எடுத்ததுகள் எல்லாம் கைகோத்துக்கொண்டு வாசலுக்கு வந்தன, ஒரே வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனி அடுப்பு வைத்திருந்த ஜோடி ஒன்று ஒரே தட்டில் இட்லி தின்றது, பட்டாசு ஆபீஸ் வேன்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து போனான், ஏறத்தான் ஆள் இல்லை. தெற்குத் தெருவில், கடலை ஒரு தடவைகூடப் பார்த்திராத சனம், உப்புக்காற்று அடிக்கிறது உப்புக்காற்று அடிக்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுதது. வடக்குத் தெருவில் எல்லோரும் குளித்து, தலைசீவி, பூ வைத்து, வாசல்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக் காத்திருந்தார்கள். "யாருக்காக இப்படி உக்காந்திருக்கீக?" என்று பால்காரர் கேட்டார். "வருவாக" என்றார்கள். யார் வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அந்த வடக்குத் தெருவில்தான் சீனியம்மாள் இருந்தாள். பஞ்சாயத்துத் தலைவர் பெரியராசுவின் தங்கச்சி. தீப்பெட்டி ஆபீஸுக்கு வீட்டிலிருந்தபடியே தீக்குச்சியைக் கட்டையில் அடுக்கிக் கொடுக்கிறவள், முப்பதைத் தொட்டவள், வாய்த் துடுக்குக்காரி. அன்றைக்குக் காலையில் அவள் ஒரு மஞ்சப்பையில் ரெண்டு சேலையும் படித்த சர்டிபிகேட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாள். வாசலுக்கு வந்தாள், நிமிர்ந்து டேங்க்கைப் பார்த்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

அவள் யாருடன் கிளம்பினாள், ஏன் உட்கார்ந்தாள் என்பதைச் சொல்லுவதற்கு முன்னால் படம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

ஆவரங்குளத்தில் காலனியோடு சேர்த்து அஞ்சு தெருவும் வந்து சேருகிற இடத்துக்கு அஞ்சுமுக்கு என்று பேர். அங்கேதான் தண்ணி டேங்க் நிற்கிறது, வட்டமாக, தடித்த தூண்களின்மேல், எந்தத் தெருவில் எந்த வாசலில் நின்றாலும் முகத்துக்கு நேரே தெரிகிற மாதிரி. அதில் படம் வரைய வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. கடற்கரைப் பக்கத்திலிருந்து மரியபுஷ்பம் என்ற ஓவியக்காரப் பெண் கயிறும் வாளியுமாக வந்து இறங்கினாள்.

"தலைவருக முகம் மட்டும் வேண்டாம்மா, அடிதடியாயிரும். பூவு, மலைன்னு எதையாவது வரைஞ்சு விடு" என்றார் பெரியராசு.

"பழைய காதல் பாட்டுல அஞ்சு நிலம் வருது அண்ணாச்சி. உங்களுக்கும் தெரு அஞ்சு. தெருவுக்கு ஒண்ணா வரைஞ்சிருவேன்."

"காதலா?"

"எல்லாம் ரொம்பப் பழசு அண்ணாச்சி."

"பழசுன்னா சரி."

சேர் போட்டு உட்கார்ந்து அவர் நிலம் பிரித்துக் கொடுத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். மழை பெய்த காடும் வெள்ளைப் பூவுமான முல்லை, புருஷன் வருகிறவரைக்கும் பொம்பளை பொறுமையாகக் காத்திருக்கிற நிலம் என்று மரியபுஷ்பம் சொன்னதும், "அது எங்க வடக்குத் தெரு. எங்க வீட்டுப் பொம்பளைக வாசலத் தாண்ட மாட்டாளுக" என்றார். வயலும் தாமரையும் எருமையும் இருக்கிற மருதம், ஊடல் நிலம், காணி வைத்திருக்கிற மேலத் தெருவுக்கு. மலையும் தினைப்புனமும் உள்ள குறிஞ்சி, கூடுகிற நிலம், கீழத் தெருவுக்கு. கடலும் உப்பளமுமான நெய்தல், ஏங்கி அழுகிற நிலம், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் தெற்குத் தெருவுக்கு. கடைசியில் பாலை மிஞ்சியது. வெயில், கள்ளி, வட்டமிடுகிற கழுகு, பாதை தெரியாத மணல். அதை எந்தத் தெருவும் வேண்டாம் என்றது. காலையில் எழுந்து கழுகு மூஞ்சியிலா முழிக்க முடியும்?

"காலனிப் பக்கம் திருப்பிரு. அவனுகளுக்கு எதுக்குப் பச்சை?" என்றார் பெரியராசு.

மரியபுஷ்பம் தூரிகையைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, அந்த நிலத்துக்குன்னு ஒரு பாடு இருக்கு. அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

"பாடும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். வரைம்மா."

அவளும் வரைந்தாள். காலனிக்கு நேரே, மற்ற நாலு நிலத்தையும்விடப் பெரிதாக, தகதகவென்று ஒரு செம்மண் வெளி. அதன் நடுவில் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரெண்டு பேர் நடந்து போகிறார்கள், கையில் வேல் பிடித்த ஒருவன், கழற்றிய சிலம்பைக் கையில் வைத்திருக்கிற ஒரு பெண். வரைந்து முடித்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே அவள் போய்விட்டாள். மறுநாள் காலையிலிருந்து ஊர் இப்படி ஆகிவிட்டது.

இதில் மூக்கில் விரல் வைக்க என்ன இருக்கிறது என்றுதான் ஊர் நினைத்தது. மழை பெய்தால் தவளை கத்தும், படம் வரைந்தால் இப்படி ஆகும் போலிருக்கிறது. மேலத் தெரு ஆம்பிளைகள் தெருமுனையில் ஒரு கொட்டகை போட்டு, முறைவைத்துத் தாங்களே சமைத்துத் தின்னப் பழகினார்கள், அதில் ரெண்டு பேருக்குக் கைப்பக்குவம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒத்துப்போகாத புதுமாப்பிள்ளை, பெண் ஜோடிகளை அசலூர்க்காரர்கள் கொண்டுவந்து கீழத் தெருவில் வாடகைக்கு வைத்தார்கள். துக்கத்தில் அழ முடியாமல் நெஞ்சடைத்துப் போனவர்களைத் தெற்குத் தெருவுக்குக் கூட்டிவந்து கொஞ்ச நேரம் உட்காரவைத்தால் போதும், ஆசைதீர அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். கண்ணில் படம் பட்டால்தானே பிடிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்த கொத்தனார் ஒருத்தர் சாக்கடையில் விழுந்து கால் பிசகிக் கிடந்தார். அதோடு யாரும் அந்தப் புத்திசாலித்தனத்துக்குப் போகவில்லை. டேங்க்குக்கு நேர் அடியில் போய் நின்றால் மட்டும் எந்த நிலமும் தெரியாது, சிமெண்ட் வயிறுதான் தெரியும்.

அந்தச் சிமெண்ட் வயிற்றுக்கு அடியில்தான் சுடலைமணி இருந்தான். காலனிக்காரன். டேங்க்கில் தண்ணி ஏற்றுவதும், அஞ்சு தெருவுக்கும் அஞ்சு வால்வைத் திறந்து மூடுவதும் அவன் வேலை. வடக்குத் தெரு வால்வை மட்டும் மூட அவனுக்கு மனசு வராது. குழாயடியில் சீனியம்மாள் நிற்கிறாளா என்று தெருக் கூட்டுகிற பிள்ளைகளிடம் விசாரித்துக்கொள்வான், நிற்கிறாள் என்றால் தண்ணி நிற்காது. இது அண்ணனைத் தவிர தெருவுக்கே தெரியும். பெரியராசுவின் பெண்டாட்டி அன்னக்கொடியே, "ஏட்டி சீனி, இன்னுங் கொஞ்சம் நில்லேன், அண்டா நிறையட்டும்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போவாள். அப்படிக் குடம் குடமாக நிறைந்த பிரியம் அது. டவுனுக்குப் போய் ரிஜிஸ்டர் பண்ணிவிடுவது என்று ரெண்டு பேரும் முடிவெடுத்து, அவள் மஞ்சப்பையோடு கிளம்பிய காலையில்தான் முல்லை வந்து அவளைப் படியில் உட்காரவைத்தது.

உட்கார்ந்திருந்த அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. போக வேண்டும் என்று தெரிகிறது, மனசு அடித்துக்கொள்கிறது, ஆனால் டேங்க்கில் அந்த வெள்ளைப் பூவும் மழைமேகமும் கண்ணில் பட்டதும் கால் சொல்கிறது, வருவாரு, பொறு. நாலு தெருவையும் எவன் எப்படி ஆட்டினாலும் ஆட்டட்டும், என் காலை என்னைக் கேட்காமல் பிடித்துவைக்க இந்தப் படத்துக்கு என்ன உரிமை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொறுமையாம் பொறுமை, நாசமாப் போற பொறுமை" என்று கட்டை அடுக்கிக்கொண்டே வைதாள். வைதபடியே காத்திருந்தாள்.

சுடலைமணி வந்தான். குழாய் கசிகிறதா என்று பார்க்க ஒவ்வொரு தெருவிலும் கடைக்கோடி வரைக்கும் போக வேண்டியது அவன் பிழைப்பு. அவள் வீட்டுக் குழாயடியில் குனிந்து, மூடியிருந்த குழாயை மூடுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு கேட்டான்.

"ஏன் சீனி வரல? பஸ் ஸ்டாப்புல நின்னு நின்னு பாத்தேன்."

"கால் வரமாட்டேங்குது. படம் புடிச்சு வச்சிருக்கு. உன்னையப் புடிக்கலயா? தெருத்தெருவா அலையுறியே."

"ஏன் பிடிக்காம? மொத நாளு தெற்குத் தெருவுல அழுதுக்கிட்டே வந்தேன். மேலத் தெருவுல அந்தக் கொட்டகை ஆம்பிளைகளோட உக்காந்து எனக்கும் கோவம் பொங்குது, பொண்டாட்டியே இல்லாத எனக்கு. அப்புறந்தான் கண்டுபிடிச்சேன். போகும்போது டேங்க்குக்கு முதுகு காட்டித்தானே போறேன், அப்ப ஒண்ணும் பிடிக்கிறதில்ல. திரும்பி வரும்போதுதான் பிடிக்குது. அதனால திரும்பும்போதும் பின்னாலயே நடந்து வாரேன். முதுகைக் காட்டினா கொஞ்ச தூரத்துல விட்டுருது."

சொல்லிவிட்டு அவன் அப்படியே நடந்து காட்டினான். முகம் தெருவைப் பார்த்தபடி, முதுகு டேங்க்கைப் பார்த்தபடி, பின்னாலேயே எட்டு வைத்து, அஞ்சுமுக்கு வரைக்கும் போனான்.

வாசல்படியில் காத்திருந்த பெரியராசு இதைப் பார்த்தார். பார்த்தவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, நமக்கு முதுகு காட்டாமப் போறான். காலனிப் பயலுக்கு இருக்கிற மரியாதை நம்ம பிள்ளைகளுக்கு இல்ல" என்றார். பக்கத்து வாசல்களும் ஆமோதித்தன. அவன் தினமும் அப்படி நடந்தான், அவர்களும் தினமும் அந்த மரியாதையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தெருவில் ஓர் ஆம்பிளைக்குக்கூட, அவன் நடக்கிற மாதிரி நாமும் நடந்து பார்க்கலாமே என்று தோன்றவில்லை. காலனிக்காரன் கும்பிட்டுப் போகிற நடையை அவர்கள் ஏன் நடக்கப் போகிறார்கள்?

இதற்குள் பாலை தன் வேலையைக் காட்டிவிட்டது. அந்த நிலத்துக்கு ஒரு பாடு இருக்கிறது என்று மரியபுஷ்பம் சொன்னதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பெற்றவர்கள் கொடுக்க மாட்டேன் என்ற பெண், பிடித்தவனோடு ஊரை விட்டுக் கிளம்புகிற நிலம் அது. பஸ் ஸ்டாப்பும் ரேஷன் கடையும் காலனி முனையில்தான் இருந்தன. மேலத் தெருப் பெண் ஒருத்தி சர்க்கரைக்கு வரிசையில் நின்றவள், நிமிர்ந்து பார்த்துவிட்டு, பையைத் தனக்குப் பின்னால் நின்ற கிழவியிடம் கொடுத்து "அம்மாட்ட குடுத்திரு பாட்டி" என்று சொல்லிவிட்டு, எதிரே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவனோடு வந்த பஸ்ஸில் ஏறிப் போனாள். டீச்சர் பயிற்சி முடித்த கீழத் தெருப் பிள்ளை போனது. காலனியிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள், அங்கேயும் பெற்றவர்கள் அழத்தான் செய்தார்கள், ஆனாலும் அவர்கள் கொண்டுபோன துணிமணியைப் பின்னாலேயே பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு அது முடியவில்லை. பாலையைக் கேவலம் என்று காலனிக்குத் தள்ளிவிட்டோமே, அதில் போய் இத்தனை துணிச்சல் இருந்ததே என்று அவர்களுக்கு வயிறு எரிந்தது.

வாசலுக்கு வந்த வண்டியில் தெருவின் மறுகோடி வழியாகப் பெரியராசு டவுனுக்குப் போன நாளில், அதாவது டேங்க் கண்ணில் படாத தூரத்தில் இருந்தபோது, ரெண்டு காரியம் செய்தார். பாலைப் பக்கத்துக்கு மட்டும் வெள்ளையடிக்க ஆள் அமர்த்தினார். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசி, ஆவணியில் முகூர்த்தம் குறித்தார். குழாயடி விசயம் அவர் காதுக்கு எட்டிவிட்டிருந்தது. திரும்பி வந்து காலனி முனையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே டேங்க்குக்கு அடியில் போய், மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த சுடலைமணியிடம், ரொம்பத் தணிந்த குரலில், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொன்னார்.

"தினம் மேல ஏறி இறங்குறவன் நீ. பாசி புடிச்ச ஏணி. என்னைக்காவது கால் வழுக்கித் தண்ணிக்குள்ள கிடந்தா, பாவம் வழுக்கிட்டான்னுதான் ஊர் சொல்லும். முகூர்த்தம் முடியட்டும்னு விட்டு வச்சிருக்கேன். புரியுதா?"

சுடலைமணிக்குப் புரிந்தது. அன்னக்கொடிக்கும் புரிந்தது, ஏனென்றால் அன்றைக்குச் சோறு வைக்கும்போது அதே குரலில் அவர் அதையே அவளிடமும் சொன்னார். அவள் பின்வாசலுக்கு வந்து, கட்டை அடுக்கிக்கொண்டிருந்த நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சீனி, உங்கண்ணன் சொன்னதைச் செய்யுற மனுசன். முகூர்த்தம் முடிஞ்சா அந்தப் பையன் இருக்க மாட்டான். நீ தாலிக்குக் கழுத்தை நீட்டுனாலும் இருக்க மாட்டான்."

சீனியம்மாளின் கையிலிருந்த கட்டை சரிந்து, அடுக்கிய குச்சியெல்லாம் தரையில் கொட்டியது. பயம் கொஞ்ச நேரம்தான், அப்புறம் கோபம் வந்தது, அது அண்ணன்மேல் மட்டுமில்லை, தன்மேலும்தான், இத்தனை நாளும் படியில் உட்கார்ந்து பூப் பார்த்துக்கொண்டிருந்த தன் கால்மேல்.

மறுநாள் காலையில் பாலைக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கழுகும் போயிற்று, கள்ளியும் போயிற்று, நடந்து போன ரெண்டு பேரும் போனார்கள், வெள்ளை வெளேரென்று ஒரு சுவர் காலனியைப் பார்த்து நின்றது. வடக்குத் தெரு வாசல்களில் எல்லோரும் திருப்தியாகக் காத்திருந்தார்கள். இனி ஒரு பெண்ணும் எங்கேயும் போக மாட்டாள்.

தண்ணி வருகிற நேரம். சீனியம்மாள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்து, மஞ்சப்பையைக் குடத்துக்குள் திணித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே வாசலுக்கு வந்தாள். டேங்க் இருக்கிற பக்கம் நிமிரவே இல்லை. தெருவின் நடுவுக்கு வந்து, முதுகை டேங்க்குக்குக் கொடுத்து நின்று, அப்புறம்தான் நிமிர்ந்தாள். எதிரே அண்ணன் வீட்டு வாசல். அண்ணன், பெரியப்பா மகன்கள், வரிசையாக எல்லா வாசல்படிகளும், எல்லாக் கண்களும். அவள் ஒரு எட்டு பின்னால் வைத்தாள்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இன்னொரு எட்டு. சுடலைமணி நடக்கிற நடை அது என்று தெரிந்தபோது பெரியராசு எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கட்டி போற?"

"காலனிக்கு."

"ஓடிப் போறியா?"

"ஓடலண்ணே. ஓடினா உங்களுக்கு முதுகு காட்டணும். நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் போறேன். காலனி எங்க இருக்கு, அசலூர்லயா? இந்தா, டேங்க்கத் தாண்டினா வந்துருச்சு. அங்கதான் குடியிருப்பேன். உங்க வீட்டுக் குழாய்க்குத் தண்ணி தொறந்து விடுறவனுக்குத்தான் வாக்கப்படுறேன். எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க, பெறகு பாக்கலன்னு சொல்லாதீக."

அவள் ஒவ்வொரு எட்டாகப் பின்வைக்க, முல்லை அவளை விட்டது. கெண்டைக்காலில் இத்தனை நாள் சுற்றிக் கிடந்த ஏதோ ஒன்று நெகிழ்ந்து நெகிழ்ந்து கழன்று விழுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, ரெண்டையும் அவள் மறைக்கவில்லை.

பெரியராசு உள்ளே ஓடி அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார். வாசலைத் தாண்டி அவளை நோக்கி ஒரு எட்டு வைத்தார். அவளை நோக்கி வைத்தால் டேங்க்கை நோக்கித்தானே வைக்க வேண்டும்? அவளுக்குப் பின்னால், அவள் தலைக்கு மேலே, மழைமேகமும் வெள்ளைப் பூவும் பளிச்சென்று நின்றன. தலைவரின் கால் தயங்கியது. முகத்தில் கோபம் அப்படியே இருக்க, கண் மட்டும் சாந்தமானது. "வருவா" என்றார். "எங்க போயிருவா? வரட்டும்" என்று சொல்லி, அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பெரியப்பா மகன்களும் ஆளுக்கொரு அரிவாளோடு உட்கார்ந்தார்கள். கேட்ட நிலத்தைத்தானே மரியபுஷ்பம் கொடுத்தாள். பொம்பளையைக் காத்திருக்க வைக்கக் கேட்டு வாங்கிய நிலம், ஆம்பிளை பொம்பளை பார்க்கவில்லை. பின்னாலேயே நடந்து போய்ப் பிடிக்கலாமே என்று ஒருத்தன் மெல்லச் சொன்னான். "காலனிக்காரன் மாதிரியா?" என்று மற்றவர்கள் முறைத்தார்கள். அவனும் காத்திருந்தான்.

சொந்தக்காரர்களுக்குப் போன் போயிற்று. அவர்கள் சும்மா இருக்கவில்லை, வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். காலனிக்குப் பின்னால் கண்மாய், அதன் கரைமேல் பஸ் வருகிற ரோட்டில் போனால் காலனியே மறித்துக்கொள்ளும், ஆகவே ஊருக்குள் புகுந்து அஞ்சுமுக்கு வழியாகத்தான் வர வேண்டும். தெற்குத் தெரு வழியாக வந்தவர்கள் பாதி வழியிலேயே ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து, "அந்தப் பிள்ளைய நாமதானப்பா தூக்கி வளத்தோம்" என்று தேம்பி, அரிவாளைக் கீழே போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். மேலத் தெரு வழியாக வந்தவர்களுக்குத் தங்களுக்குள்ளேயே பிணக்கு வந்து, நீ என் கல்யாணத்துக்கு வரவில்லை, நீ என்னை முறைப்படி கூப்பிடவில்லை என்று ஆரம்பித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கீழத் தெரு வழியாக வந்தவர்களுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வந்து வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

காலனி மட்டும்தான் அன்றைக்கு எந்த நிலமும் பிடிக்காமல் தெளிவாக நின்றது. அதன் நிலத்தைத்தான் வெள்ளையடித்து அழித்துவிட்டார்களே. ஆம்பிளையும் பொம்பளையுமாக டேங்க் அடிக்கு வந்து, தூண்களைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கும் பயம் இருந்தது, ஒரு பெரியவர், "யத்தா, நீ வந்துட்ட, சந்தோசம். நாளைக்கு எங்க கூரையில தீ வச்சா என்ன பண்ண?" என்று நேராகவே கேட்டார். பக்கத்தில் வந்து நின்ற சுடலைமணி கைகொடுக்க, சீனியம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"வச்சா அணைப்போம் மாமா. தண்ணி நம்ம கையிலதான இருக்கு."

பெரியவர் சிரித்தார். "ஏலே, அந்தப் பிள்ளைக்கு டீ வாங்கிட்டு வாங்கலே" என்றார். ரெண்டு பேரும் காலனிக்காரர்கள் சூழ டவுனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலப் பஸ்ஸிலேயே திரும்பி வந்தார்கள். ஊரை விட்டுப் போன எந்த ஜோடியும் அதுவரை திரும்பி வந்ததில்லை.

அதற்கப்புறம் வந்த ஒரு நல்ல மழையில் வெள்ளையடிப்பு உரிந்தது. மட்டமான சுண்ணாம்பு என்றார்கள். பத்தை பத்தையாக அது பெயர்ந்து விழ, செம்மண் வெளி வந்தது, கள்ளி வந்தது, கழுகு வந்தது. கடைசியில் அந்த ரெண்டு பேரும் வந்தார்கள். ஆனால் முன்னே ஊருக்கு முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தவர்கள், இப்போது முகத்தைக் காட்டி ஊருக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவள் சிலம்பைத் திரும்பக் காலில் போட்டிருந்தாள். மரியபுஷ்பத்துக்குப் போன் பண்ணிக் கேட்டதற்கு, "நான் வரைஞ்சது முதுகுதான். வந்துட்டாகளா? சாப்பிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பெரியராசு இன்னும் படியில்தான் இருந்தார். முகூர்த்த நாள் வந்து போயிற்று, மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, அவர்களும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்கள், மடியிலிருந்த அரிவாளில் துரு ஏறி வேட்டியில் கறை பிடித்தது. இப்போது வால்வு திறப்பதும் மூடுவதும் பாதி நாள் சீனியம்மாள்தான். அன்றைக்குக் காலையிலும் அவள்தான் டேங்க்குக்கு அடியில் நின்று வடக்குத் தெரு வால்வைத் திருகினாள். திருகிவிட்டுத் தெருவைப் பார்த்தாள். தூரத்தில் அண்ணன் வாசலில் ஏதோ பேச்சு நடந்தது. பேச்சு கேட்கவில்லை, மதினி கையை நீட்டிப் பாலைப் பக்கமாகக் காட்டுவதும், அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது.

அன்னக்கொடி தெருவின் நடுவுக்கு வந்தாள். டேங்க்குக்கு முதுகைத் திருப்பினாள். புருஷன் முகத்தைப் பார்த்தபடியே ஒரு எட்டு பின்னால் வைத்தாள், அப்புறம் இன்னொன்று. அடுத்த வீட்டுக்காரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்று அவளும் திரும்பிக்கொண்டாள். எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி, அதற்கடுத்த வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும். வாசல்படிகளில் ஆம்பிளைகள் காத்திருந்தார்கள். தெருவை அடைத்துக்கொண்டு சேலை கட்டிய முதுகுகள் மெல்ல மெல்ல டேங்க்கை நோக்கி வந்துகொண்டிருந்தன.

சீனியம்மாள் கையிலிருந்த வால்வுச் சாவியைக் கீழே வைத்துவிட்டு, தெருமுனைக்கு ஓடி, உரக்கக் கத்தினாள்.

"மதினி, பாத்து வாங்க! பின்னால சாக்கடை இருக்கு!"